நியூரான்: நரம்பா, நரம்பணுவா, நரம்புக்கலமா?

குளுக்கோஸ் ஏற்ற வரும் நர்ஸ் புறங்கையைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "நரம்பே கிடைக்கலையே" என்பார். அவர் தேடுவது இரத்தம் ஓடும் சிரையை. தமிழில் நரம்பு அவ்வளவு தாராளமான சொல். யாழில் கட்டிய தந்தி நரம்பு, இலையில் ஓடும் கோடு நரம்பு, பேச்சு வழக்கில் தசைநாரும் நரம்புதான்.

கிரேக்க 'நியூரோன்' கதையும் இதேதான். தசைநார், வில்லின் நாண், இசைக்கருவியின் தந்தி எல்லாம் அதற்குள் அடக்கம். 1891இல் ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் வால்டையர் அந்தச் சொல்லை எடுத்து, செய்தி கடத்தும் ஒற்றை நரம்புச் செல்லுக்கு 'நியூரான்' என்று பெயராக வைத்தார்.

'ஒற்றை' என்பதில்தான் சண்டையே. 1873இல் இத்தாலியின் கோல்கி, வெள்ளி நைட்ரேட்டைக் கொண்டு மூளைத் திசுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செல்களை மட்டும் கறுப்பாக்கிக் காட்டினார். ஆனால் அவை எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிய வலை என்றே நம்பினார். ஸ்பெயினின் கஹால் அதே சாயத்தை வைத்தே, ஒவ்வொன்றும் தனித்தனி செல் என்றார். 1906இல் நோபல் பரிசு இருவருக்கும் சேர்த்தே போனது. கோல்கியோ நோபல் உரையிலும் விட்டுக்கொடுக்கவில்லை!

ஆகவே நியூரானை வெறுமனே 'நரம்பு' என்று எழுதுவது பிழை. நரம்பு என்பது பல செல்களின் இழைகள் சேர்ந்த கட்டு.

ஒரு செல்லில் உட்கரு உள்ள உடல் இருக்கும். அதிலிருந்து செய்தி வாங்கும் கிளைகள் பிரியும். இவை டெண்ட்ரைட்டுகள்; கிரேக்கத்தில் 'டென்ட்ரோன்' என்றால் மரம். சிறுமூளையின் பர்கின்ஜி செல்லைப் பார்த்தால் பெயரின் பொருத்தம் தெரியும்: மரத்தைப் புத்தகத்துக்குள் வைத்து அமுக்கியது போலத் தட்டையாகக் கிளை விரித்திருக்கும். செய்தியை வெளியே கொண்டுபோகும் நீண்ட இழை ஆக்ஸான். அதற்கு அச்சு என்று பொருள். தண்டுவடத்தில் உடலை வைத்துக்கொண்டு பாதம் வரை இழையை நீட்டும் செல்லில் இது சுமார் ஒரு மீட்டர்.

செல்லின் உடலிலிருந்து கிளம்பும் இந்த இழைகளை, அதாவது முனைகளை, எண்ணித்தான் வகை பிரிக்கிறார்கள். மூளையில் பெரும்பாலானவை பலமுனை. விழித்திரையில் இருமுனைச் செல்கள் உண்டு. தொடுவுணர்வைக் கொண்டுவருபவை போலி ஒருமுனை: உடலிலிருந்து ஒரே தண்டு கிளம்பி, சற்றுத் தள்ளி இரண்டாகப் பிரியும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? தமிழ்நாட்டுப் பாடநூல்கள் நியூரான், நரம்பு செல் என்கின்றன, இலங்கையில் நரம்புக்கலம் (கலம் என்றால் செல்). நரம்பணுவும் புழங்குகிறது, காதுக்கும் இதம். ஆனால் அடுத்த பாடவேளையிலேயே அதே 'அணு'வை இயற்பியல் ஆசிரியர் பிளந்துகொண்டிருப்பார். என் ஓட்டு நரம்புக்கலத்துக்கு.