பெயரின் வாலைப் பாருங்கள்

"தம்பி, கால் ரெண்டும் வீங்கிக் கிடக்கு. கிட்னி போயிருச்சோன்னு பயமா இருக்கு" என்றபடி அந்த அம்மா துணிப்பையை மேசையில் கவிழ்த்தார். மூன்று அட்டைகள் விழுந்தன.

ஒன்று, ரத்த அழுத்தத்துக்காக மாதாமாதம் எங்கள் மருந்துக் கடையில் வாங்கும் அம்லோடிபின் 5 மி.கி. இன்னொன்று, மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது அங்கே எழுதித் தந்தது. அட்டையில் பெரிதாக இருந்தது கம்பெனி வைத்த பெயர். அதன் கடைசியில் 'ஏஎம்' என்று இரண்டு எழுத்து. திருப்பிப் பார்த்தால் டெல்மிசார்ட்டன் 40, அம்லோடிபின் 5. பழையதை நிறுத்த வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையாம். இரண்டையும் போட்டிருக்கிறார். மூன்றாவது, வீக்கத்துக்காகப் பிறகு வந்த நீர் மாத்திரை.

அம்லோடிபின் ஒரு நாளைக்கு 10 மி.கி. வரை கொடுப்பதுண்டு. ஆனால் அளவு ஏற ஏறக் கணுக்கால் வீக்கமும் அதிகமாகும். ரத்தக்குழாய் விரிவதால் வருகிற வீக்கம் என்பதால், நீர் மாத்திரைக்கு அது அவ்வளவாக வடியாது. ஒரு மாத்திரையின் விளைவுக்கு இன்னொரு மாத்திரை! இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு பதறுகிறது.

கம்பெனிப் பெயர்கள் நூறு இருக்கலாம். மருந்தின் பெயருக்கு ஒரு வால் உண்டு, அது அதன் குடும்பத்தைச் சொல்லிவிடும். 'டிபின்' என்று முடிந்தால் ரத்தக்குழாயைத் தளர்த்துவது. அம்லோடிபின், சில்னிடிபின் இரண்டும் அந்த வகைதான். 'ப்ரில்' என்றால் எனலாப்ரில், ராமிப்ரில். சளியே இல்லாமல் வாரக்கணக்கில் வறட்டு இருமல் இருந்தால் டானிக் கேட்பதற்கு முன் இந்த வாலைத் தேடுங்கள். 'சார்ட்டன்' வகையில் அந்த இருமல் குறைவு. ப்ரில், சார்ட்டன் இரண்டுமே கர்ப்பிணிகளுக்கு ஆகாது; கருத்தரிக்க நினைப்பவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். 'லால்' என்றால் அட்டெனோலால், மெட்டோப்ரோலால்: இதயத் துடிப்பைக் குறைப்பவை. ஆஸ்துமா இருந்தால் சொல்லுங்கள். தீர்ந்துபோச்சு என்று திடீரென நிறுத்தவே கூடாது. ஹைட்ரோகுளோரோதயசைடு நீரைப் பிரிப்பது. கூட்டு மாத்திரையின் பெயரில் 'ஹெச்' என்று ஒட்டிக்கொண்டிருப்பது பெரும்பாலும் அதுதான். குளோர்தாலிடோனும் அதே வேலையைத்தான் செய்கிறது, வால் மட்டும் வேறு.

நானாக எதையும் நிறுத்தச் சொல்லவில்லை. இரண்டு அட்டையிலும் 'அம்லோடிபின்' என்ற இடத்தைப் பேனாவால் வட்டமிட்டு, மூன்றையும் அப்படியே டாக்டரிடம் காட்டச் சொன்னேன். தனி அம்லோடிபினையும் நீர் மாத்திரையையும் அவர் நிறுத்தினார். அடுத்த மாதம் அந்த அம்மா வந்தபோது காலில் பழைய செருப்பு ஏறியிருந்தது.