பழுக்கட்டும் என்று வைத்திருக்க அது மாங்காய் இல்லை

மார்பில் சீழ்க்கட்டியோடு இந்த மாதத்தில் என்னிடம் வந்த மூன்றாவது பெண். குழந்தை பிறந்து ஆறு வாரம். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கட்டிலில் ஏறிப் படுக்கக்கூட முடியவில்லை. அம்மா ஒரு பக்கம் தாங்கிக்கொள்ள மெல்லச் சாய்ந்தாள். மார்பில் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்ட பத்து காய்ந்து பொருக்காக ஒட்டியிருந்தது. ஈரத்துணியால் ஊறவைத்து எடுத்தேன். அடியில் தோல் ஊதாவாகி, எண்ணெய் தடவியதுபோல் மினுங்கியது.

"எத்தனை நாளாச்சு?"

"பன்னண்டு நாளாச்சுங்க டாக்டரம்மா. நல்லாப் பழுக்கட்டும்னுதான் பாத்துட்டிருந்தோம்."

பழுத்துவிட்டது. ஐந்தாறு நாளில் வந்திருந்தால் ஸ்கேனில் பார்த்தபடியே ஊசியால் சீழை உறிஞ்சிவிட்டு அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். இப்போது மேல்தோலே செத்துக்கொண்டிருக்கிறது. இதற்கு ஊசி போதாது. சர்ஜனிடம் அனுப்பினேன். மயக்கம் கொடுத்து, கீறி, சுத்தம் செய்து, அதன்பிறகு தினமும் டிரெஸ்ஸிங். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு தினமும்.

அந்த அம்மாமேல் கோபமே வரவில்லை என்று எழுதினால் பொய். ஆனால் இந்த மூன்று பேரில் ஒருத்தியை "இன்னும் பழுக்கலை, ஒரு வாரம் கழிச்சு வாங்க" என்று திருப்பி அனுப்பியவர் டாக்டர். அவரை விட்டுவிட்டுப் பாட்டிமாரை மட்டும் திட்டுவது நியாயமில்லை.

வேனற்கட்டி வந்தால் பழுக்கும், முனை வெளுக்கும், தானாக உடையும். எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதையே மார்புக்கும் பொருத்துகிறோம், தப்பு அங்கேதான். வேனற்கட்டிக்கு மேலே இருப்பது மெல்லிய தோல் மட்டும். மார்பில் சீழ் பெரும்பாலும் ஆழத்தில் பிடிக்கும். அதற்கு மேலே கொழுப்பு, பால் சுரப்பி, வீக்கம். சீழுக்குத் தோல் எந்தப் பக்கம் என்று தெரியாது. இளகின பக்கமெல்லாம் அரித்துக்கொண்டு போகும். நீங்கள் பழுக்கிறது என்று சொல்லும் ஒவ்வொரு நாளும் பால் சுரக்கும் சதை கரைந்து சீழாகிக்கொண்டிருக்கிறது. தொட்டால் தளதளவென்று கைக்குத் தட்டுப்படும்போது பாதி சேதம் முடிந்திருக்கும். சர்ஜரி வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், எங்களை விடாமல் கேட்ட கேள்வி இது: தளதளப்பு வரும்வரை காத்திருக்கக் கூடாத சீழ்க்கட்டிகள் எவை? மார்பு, காதடிச் சுரப்பி, ஆசனவாயை ஒட்டிய பகுதி என்று ஒப்பித்தால்தான் பாஸ். பாஸானதும் சிலர் மறந்துவிடுகிறார்கள்.

கைக்குத் தெரியாதது ஸ்கேனில் தெரியும். கருஞ்சாம்பல் குட்டைபோல், உள்ளே துகள்கள் மிதக்கும். தோல்மேல் வைத்து நகர்த்தும் ஸ்கேன் கருவியான ப்ரோபால் லேசாக அழுத்தினால் கஞ்சி கலங்குவதுபோல் சுழலும். சீழே இல்லை, பால் கட்டி வீங்கியிருக்கிறது என்றால் அதுவும் தெரிந்துவிடும். அப்படி வருகிறவர்களுக்கு ஊசியே தேவையில்லை. கதிர்வீச்சும் கிடையாது.

சீழ் இருந்தால், மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, 18 கேஜ் அல்லது அதைவிடத் தடிமனான ஊசியை ஸ்கேனில் பார்த்தபடியே உள்ளே செலுத்துகிறோம். முனை எங்கே நிற்கிறது என்பது திரையில் தெரியும். உறிஞ்சி எடுத்து, சலைன் விட்டு அலசி, மறுபடி உறிஞ்சுவோம். இரண்டு மூன்று நாளில் திரும்ப வந்து காட்ட வேண்டும். மறுபடி சேர்ந்திருந்தால் மறுபடி எடுப்போம். கட்டி பெரிதாக இருந்தாலோ எடுக்க எடுக்கச் சேர்ந்தாலோ மெல்லிய குழாய் ஒன்றைச் சில நாள் விட்டுவைப்போம். "ஒரே தடவையில முடிச்சுடுங்க" என்று என்னிடம் பேரம் பேசிப் பயனில்லை.

வலிக்குமா? வலிக்கும். சீழ் பிடித்த இடத்தில் மரத்துப்போகும் மருந்து முழுசாக வேலை செய்யாது. ஆனால் பாதி சிரிஞ்ச் நிறைவதற்குள் முகம் தளர்வதைத் தினமும் பார்க்கிறேன்.

ஊசி பட்டால் புற்றாகிவிடும் என்பார்கள். ஆகாது.

அடுத்தது பால். சீழ் என்றதும் முதல் வேலையாகக் குழந்தையைப் பிரித்துவிடுகிறார்கள், அதுவும் இரண்டு மார்பிலிருந்தும்! பால் கொடுப்பதைத் தொடரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2000-இலேயே எழுதிவிட்டது. திடீரென்று நிறுத்தினால் பால் இன்னும் கட்டிக்கொள்ளும். புண் காம்புக்குப் பக்கத்தில் இருந்து குழந்தை வாய் வைக்க முடியாவிட்டால் அந்தப் பக்கம் கையால் எடுத்துவிட்டு மறுபக்கம் கொடுங்கள். மல்லிகைப் பூ வைத்துக் கட்டுகிறவர்களுக்கு: பூவுக்குப் பால் சுரப்பைக் குறைக்கும் தன்மை இருப்பது உண்மைதான், வேலூரில் ஆராய்ந்து 1988-இல் கட்டுரையே வந்திருக்கிறது. சீழை அது எடுக்காது.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வெறும் அமாக்ஸிசிலின் ஆன்டிபயாடிக், இந்தச் சீழை உண்டாக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமியிடம் பெரும்பாலும் எடுபடாது. சரியான மருந்தே ஆனாலும் சீழை எடுக்காமல் வாரக்கணக்கில் விழுங்கினால் கட்டி கல்லாக இறுகிவிடும். ஆன்டிபயோமா என்போம். பிறகு அது புற்றோ என்று பயந்து, சதையை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸிவரை போக வேண்டியிருக்கும். எடுத்த சீழை, என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு அனுப்பச் சொன்னால் அன்றைக்கே லேபில் கொடுங்கள். ஒருவர் சனிக்கிழமை வாங்கிப்போன பாட்டிலைத் திங்கட்கிழமைவரை வீட்டு ஃபிரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.

தயவுசெய்து பிசையாதீர்கள். கட்டியைக் கரைக்கிறேன் என்று அலற அலற உருவிவிட்டு, மறுநாள் வீக்கம் இரட்டிப்பாகி வருகிறவர்கள் உண்டு. குளிர்ந்த துணி வையுங்கள், போதும்.

பால் கொடுக்காத பெண்ணுக்குச் சீழ் வந்தாலோ, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தாலோ கதை வேறு. சர்க்கரை பார்க்க வேண்டும், காசநோயை நினைக்க வேண்டும், சதையும் எடுத்துச் சோதிக்க வேண்டும். மாத்திரைக்கு அடங்காத சிவப்பு, ஸ்கேனில் சீழும் இல்லை என்றால் புற்று இல்லை என்று உறுதிசெய்யாமல் விடவே கூடாது.

குளிர்ஜுரம், ஒரு பக்கம் சிவந்து கட்டியாக வலி, மருந்து ஆரம்பித்து இரண்டு நாளாகியும் குறையவில்லை என்றால் ஸ்கேனுக்கு வந்துவிடுங்கள். மருமகள்கள் கூச்சத்தில் சொல்வதில்லை. ஒரு பக்கம் மட்டுமே பால் கொடுக்கிறாளா என்று மாமியார்தான் கவனிக்க வேண்டும், அம்மா ஊரில் இல்லாத வீடுகளில் முக்கியமாக.

வரும்போது பத்தைக் கழுவிவிட்டு வாருங்கள். குழந்தையையும் தூக்கிக்கொண்டு வாருங்கள். ஸ்கேன் அறைக்கு வெளியே திரை போட்டு ஒரு பெஞ்ச் வைத்திருக்கிறோம். முடிந்ததும் அங்கேயே உட்கார்ந்து பால் கொடுக்கலாம்.