வாய்ப்புண்ணின் விளிம்பு ஏன் விறைக்கிறது?

"வலிக்கவே இல்லையே டாக்டரம்மா, இதற்குப் போய் எதற்கு ஈப்போ ஆஸ்பத்திரி?" என்று கேட்டார் பாட்டி. மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். வெற்றிலையை எப்போதும் அடக்கிவைக்கும் இடது கன்னத்தின் உட்புறத்தில் இருபது சென் காசளவில் ஒரு புண். ஒரு விரலை வாய்க்குள்ளும் கட்டைவிரலை வெளிக்கன்னத்திலும் வைத்து அழுத்திப் பார்த்தேன். சாதாரண வாய்ப்புண் மெத்தென்று இருக்கும். இதன் விளிம்பும் அடியும் காதுமடலின் குருத்தெலும்பைப் போல விறைத்திருந்தன. வாய்ப்புற்றுநோயோ என்று சந்தேகிக்க வைக்கும் அடையாளம் இது.

அந்த விறைப்புக்குப் புற்றணுக்கள் மட்டும் காரணமல்ல. சுற்றியிருக்கும் நம் சொந்தச் சதைக்கும் அதில் பெரும்பங்கு உண்டு.

இணைப்புத் திசுவில் நார் நெய்யும் செல்கள் இருக்கின்றன, ஃபைப்ரோபிளாஸ்ட் என்பார்கள். கன்னத்தைக் கடித்துக்கொண்டால் அவை கொலாஜன் நாரைப் பின்னிக் காயத்தைச் சுருக்கி மூடும். வேலை முடிந்ததும் அடங்கிவிடும். "வெட்டின பட்டை மூடுகிற மாதிரியா?" என்றார் பாட்டி. அதேதான். ஆனால் புற்றணுக்கள் டிஜிஎஃப்-பீட்டா போன்ற புரதங்களைச் சுரந்து, இந்தச் செல்களை அடங்கவிடாமல் வேலை வாங்குகின்றன. 1986இல் அமெரிக்க நோயியல் அறிஞர் ஹரோல்ட் துவோராக் புற்றுக்கட்டிகளை 'ஆறாத காயங்கள்' என்றார். அப்படி வசப்பட்ட நார்ச்செல்கள் நாரை இறுக்கிப் பிணைக்கின்றன. அதே நாரை அரிக்கும் நொதிகளையும் சுரக்கின்றன. 2007இல் லண்டன் ஆய்வாளர்கள் இரண்டு வகைச் செல்களையும் சேர்த்து வளர்த்துப் பார்த்தார்கள். நார்ச்செல் முன்னே போய்க் கொலாஜனில் தடம் வெட்டியது. புற்றணுக்கள் அதன் பின்னால் வரிசையாக நுழைந்தன. காயம் ஆற்ற வேண்டிய செல்லே வழிகாட்டியாகிப் போவதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

அறுவை மருத்துவர் புண்ணைச் சுற்றி, கண்ணுக்கு நல்லதாகத் தெரியும் சதையையும் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் சேர்த்து எடுப்பது இதனால்தான். "நல்ல சதையையும் வெட்டிவிட்டார்கள்" என்று வருந்துபவர்கள் இதை அறிய வேண்டும்.

பாக்கு இதற்கெல்லாம் முன்பே மண்ணைப் பதப்படுத்திவிடுகிறது. அதிலுள்ள அரேகோலின் என்ற வேதிப்பொருள் நார்ச்செல்களைத் தூண்டுவதால் கன்னம் வெளிறி விறைக்கும், காரம் பட்டால் எரியும், வாய் திறப்பது குறையும். "புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குதான்" என்று தோட்டத்தில் பலரும் என்னிடம் சொல்கிறார்கள். புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே அறிவித்துவிட்டது. மலேசியாவில் மக்கள்தொகை விகிதப்படி வாய்ப்புற்றுநோய் அதிகம் தாக்குவதும் இந்திய வம்சாவளியினரான நம்மவர்களைத்தான்.

இரண்டு வாரத்தில் ஆறாத புண் எதுவானாலும், வலி இல்லாவிட்டாலும், பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

பாட்டியை அழைத்துவந்த மகளின் உதட்டோரத்திலும் வெற்றிலைச் சிவப்பு. அவரையும் உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொன்னேன். மூன்று விரல் நுழைய வேண்டிய இடத்தில் இரண்டுதான் நுழைந்தது. ஈப்போவுக்கு அன்று இரண்டு கடிதங்கள் எழுதினேன்.