தோலுக்குள் ஒரு குடை

குழந்தை பிறந்த சேதி கேட்டு ஆஸ்பத்திரிக்கு வரும் பெரியம்மா, துணியை விலக்கி முதலில் பார்ப்பது காது மடலைத்தான். "இப்போ செவப்பாத்தான் தெரியும். காது ஓரத்தைப் பாரு, அப்பன் நிறம்தான் வரப்போகுது." பெண் குழந்தை என்றால் கூடவே ஒரு பெருமூச்சும் வரும். பிறந்து ஒரு நாள்கூட ஆகாத பிள்ளைக்கு!

நிறம் பிறகுதான் வரும் என்பது சரிதான். மெலனோசைட் என்னும் நிறமிச் செல்கள் பிறக்கும்போதே தோலில் இருக்கும். ஆனால் முழுவேகத்தில் வேலை தொடங்கியிருக்காது. மாதங்கள் போகப் போகத்தான் மெலனின் என்ற நிறமி கூடி, நிறம் தன் நிலைக்கு வரும். அந்தப் பெருமூச்சுக்குத்தான் அறிவியலில் இடமே இல்லை.

கறுப்பான பெண்ணுக்கும் வெளுத்த பெண்ணுக்கும் மெலனோசைட்டுகளின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். அவை எந்த வகை மெலனினை, எவ்வளவு செய்து, எப்படிப் பொட்டலம் கட்டி அனுப்புகின்றன என்பதில்தான் வித்தியாசம். டைரோசினேஸ் என்ற நொதி, தன்னுள் இருக்கும் செம்பின் துணையோடு இந்த வேலையைத் தொடங்கி வைக்கிறது. உருவான மெலனின் நுண்ணிய பைகளில் நிரம்பி, மெலனோசைட்டின் கிளைகள் வழியே சுற்றியுள்ள முப்பதுக்கும் மேற்பட்ட தோல் செல்களுக்குப் போய்ச் சேர்கிறது.

அங்கே நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. வந்து சேர்ந்த மெலனின், செல்லின் உட்கருவுக்கு மேலே, வெயில் படும் பக்கமாகத் தொப்பிபோல் கவிந்துகொள்கிறது. உள்ளே இருக்கும் டிஎன்ஏவைப் புறஊதாக் கதிர் சிதைத்துவிடாமல் காக்க, ஒவ்வொரு செல்லும் தனக்கென்று ஒரு குடை பிடிக்கிறது. சித்திரை வெயிலில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் பெண்ணின் கன்னத்தில் லட்சக்கணக்கான குடைகள் விரிந்திருக்கின்றன. அதைப் பார்த்துத்தான் "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்கிறோம். அந்த 'இருந்தாலும்' எனக்கு வலிக்கிறது.

ஒரே வயிற்றில் பிறந்த அக்கா மாநிறம், தங்கை சிவப்பு என்று இருப்பதற்கும் காரணம் உண்டு. நிறத்தைத் தீர்மானிக்கும் மரபணுக்கள் பல. அவற்றில் எஸ்எல்சி24ஏ5 என்ற ஒன்றின் பங்கை, 2005இல் வரிக்குதிரை மீனை ஆராய்ந்தபோது கண்டுபிடித்தார்கள். நிறத்தைக் குறைக்கும் அதன் வடிவமும் குறைக்காத வடிவமும் நம் மக்களிடையே கலந்தே கிடக்கின்றன. யாருக்கு எது வாய்க்கும் என்பது கருவுறும்போதே முடிவாகிவிடுகிறது. அதற்குப் பிறகு குடிக்கும் குங்குமப்பூப் பால் அதை மாற்றாது.

அப்படியானால் சிவப்பழகு கிரீம்கள் என்ன செய்கின்றன? குடை செய்யும் பட்டறையில் எங்காவது கை வைக்கின்றன. இவற்றில் சேர்க்கப்படும் நியாசினமைடு என்ற பொருள், மெலனின் பைகள் பக்கத்துச் செல்லுக்குப் போவதை ஓரளவு தடுக்கிறது; இது சாதுவான வகை. 1975இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி, 2020இல் 'ஃபேர்' என்ற சொல்லைக் கைவிட்டு 'குளோ' ஆனது. பெயர் மாறினாலும் ஆசை மாறவில்லை. அந்த ஆசையை நம்பித்தான் லேபிள் இல்லாத டப்பாக்கள் விற்கின்றன.

அவற்றில் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. அது டைரோசினேஸை முடக்கிவிடும். முகம் வெளுக்கும். ஆனால் பாதரசம் தோலோடு நிற்பதில்லை. ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்குப் போகிறது. கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் 2023இல் சிறுநீரில் புரதம் கசியும் நோயோடு வந்தவர்களை விசாரித்தபோது, பலர் பூசிய வெளுப்புக் கிரீம்தான் காரணம் என்று தெரியவந்தது.

இன்னொன்று ஸ்டீராய்டு. தோல் நோய்க்கு மருத்துவர் சில நாட்களுக்கு மட்டும் எழுதித் தரும் களிம்பைச் சீட்டே இல்லாமல் வாங்கி, மாதக்கணக்கில் முகத்தில் பூசுகிறார்கள். ரத்தக்குழாய்கள் சுருங்கி, மெலனினும் குறைவதால் முதல் இரண்டு வாரம் முகம் பளிச்சென்று இருக்கும். பிறகு தோல் மெலிந்துபோகும். நிறுத்தினால் சிவந்து எரியும், பரு கிளம்பும், விடுவதற்குப் பயந்து மறுபடியும் பூசுவார்கள்.

என் சித்தி மகள், பெண் பார்க்க வருகிறார்கள் என்று தொடங்கி எட்டு மாதம் பூசினாள். அடுப்புப் பக்கம் போனாலே முகம் தீயாய் எரிகிறது என்று அழுதபோதுதான் எங்களுக்கே தெரியும். தோல் மருத்துவர் நிறுத்த வைத்தார். ஓராண்டுக்குள் அவளுடைய பழைய மாநிறம் அப்படியே திரும்பி வந்துவிட்டது. இரண்டு கன்னத்திலும் நூல்நூலாகத் தெரியும் சிவப்பு ரத்தக்குழாய்கள் மட்டும் இன்னும் மறையவில்லை.