பலியில்லாச் சாலை: ‘விஷன் ஜீரோ’ என்ற சொல்லுக்கு ஒரு விளக்கம்

‘விஷன் ஜீரோ’ என்பது சாலைப் பாதுகாப்புக் கொள்கை ஒன்றின் பெயர். ஒரு நகரத்தின் அல்லது நாட்டின் சாலைகளில் யாரும் சாகக்கூடாது, ஆயுசுக்கும் முடக்கிப்போடும் கடுங்காயம் யாருக்கும் படக்கூடாது என்பது அதன் இலக்கு. விபத்தே நடக்கக்கூடாது என்று அது சொல்லவில்லை. பலர் சறுக்குவது இங்கேதான். நம் மலேசியாவில் தொழிற்சாலை வாசல்களில் ‘சிஃபார் கெமாலாஙான்’ என்று பலகை தொங்கும். அது விபத்தே இல்லாத நிலையைச் சொல்கிறது, இது சாவில்லாத நிலையைச் சொல்கிறது. இரண்டும் வேறு. பம்பரோடு பம்பர் உரசட்டும், கண்ணாடி நொறுங்கட்டும், ஆள் வீடு திரும்ப வேண்டும் என்பதுதான் இந்தக் கொள்கையின் கணக்கு.

சொல் பிறந்த இடம் ஸ்வீடன். 1997 அக்டோபரில் அந்நாட்டு நாடாளுமன்றம் ‘நொல்விஷூனென்’ என்ற பெயரில் இதைச் சட்டபூர்வக் கொள்கையாக ஏற்றது. அதற்கு வடிவம் கொடுத்தவர்களில் முதன்மையானவர் சாலைப் பாதுகாப்பு நிபுணர் கிளாஸ் டிங்வால். அதுவரை பல நாடுகளில் சாலைத் திட்டங்களை எடைபோடும் முறை வேறாக இருந்தது. சாலையை அகலப்படுத்தினால் இத்தனை நிமிடம் மிச்சம், இத்தனை பேர் சாகக்கூடும், எது லாபம் என்று தராசில் வைத்துப் பார்ப்பார்கள். உயிரை வேறெந்த நன்மைக்கும் ஈடாகக் கொடுக்க முடியாது என்று ஸ்வீடன் அந்தத் தராசையே ஒதுக்கி வைத்தது. அந்த ஆண்டு அங்கே சாலைகளில் 540 பேர் அளவில் இறந்தார்கள். அண்மை ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை 200-ஐ ஒட்டி நிற்கிறது. சுழியத்தை அவர்களும் எட்டவில்லை. ஆனாலும் இன்று அங்கே லட்சம் பேருக்கு 2 பேர் சாலையில் சாகிறார்கள் என்றால் மலேசியாவில் ஏறக்குறைய 18 பேர் சாகிறார்கள்.

பெயரைப் பிரித்தால் ‘நொல்’ லத்தீனிலிருந்து வந்தது, ஒன்றுமில்லை என்று பொருள். ஆங்கில ‘ஜீரோ’வின் வழி இன்னும் நீளம். வடமொழியின் ‘சூன்ய’த்தை அரபுக்காரர்கள் தங்கள் மொழியில் ‘சிஃப்ர்’, அதாவது வெறுமை என்றார்கள். அது இத்தாலி போய் உருமாறி ஜீரோ ஆனது. மலாய்க்காரர்களின் ‘சிஃபார்’ அதே அரபுச் சொல்தான், அதிகம் திரியாமல் வந்திருக்கிறது. ஆக ஆலை வாசல் பலகையில் இருப்பதும் ஸ்டாக்ஹோமிலிருந்து ஆங்கிலம் வழியே வந்ததும் ஒரே தாயின் பிள்ளைகள். (கடையில் பாலும் சர்க்கரையும் இல்லாத ‘தே ஓ கோசோங்’ கேட்கும்போது வரும் கோசோங், வெறுமைக்கு மலாயில் உள்ள இன்னொரு சொல், தனிக் குடும்பம்.)

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘சூன்யப் பார்வை’ வேண்டவே வேண்டாம். சூனியம் என்றதும் நம் ஊரில் எலுமிச்சம்பழமும் யார் வைத்தது என்ற கேள்வியும்தான் முதலில் வரும். ‘பூஜ்யப் பார்வை’யில் ஒரு கூச்சம். வடமொழியில் பூஜ்யம் என்றால் வணங்கத்தக்கது. எண்ணுக்கு அந்தச் சொல் பழகிப் போனாலும் சாவுக் கணக்கோடு சேர்க்க மனசு வரவில்லை. சுழியம் நல்ல சொல். நீரின் சுழியும் தலையின் சுழியும் எழுத்தின் சுழியும் எல்லாம் வட்டம்தானே. ஆனால் ‘சுழியப் பார்வை’ என்று சேர்த்துச் சொன்னால் கண் சுத்தமாகத் தெரியவில்லை என்றுதான் காதில் விழுகிறது. ‘விஷன்’ என்பதற்கு இந்நாட்டுத் தமிழர்களுக்குப் பழக்கமான சொல் தூரநோக்கு, தொலைநோக்கு. 2020-க்குள் வளர்ந்த நாடாவோம் என்று 1991-இல் அன்றைய பிரதமர் மகாதீர் அறிவித்த வாவாசான் 2020 வந்த நாளிலிருந்து அந்தச் சொற்கள் நம்மோடு இருக்கின்றன. பொருள் பொருந்துகிறது. ஆனால் தூரநோக்கு தூரத்திலேயே நின்றுவிட்டது என்று டீக்கடையில் எழும் கிண்டலையும் சேர்த்தே அது சுமக்கிறது.

நான் ‘இலக்கு’ பக்கம். சுழிய இலக்கு என்றால் அறிக்கையில் எழுதலாம், கூட்டத்தில் பேசலாம், நாக்கும் சுளுக்காது. ஆனால் எதன் சுழியம் என்று அது சொல்லவில்லை. அந்தக் குறையைப் பிறகு பார்ப்போம்.

அதற்கு முன் தமிழுக்கே உரிய ஒரு சிக்கல். சாலை விதி என்கிறோம், தலைவிதி என்றும் சொல்கிறோம். ஒரே சொல்தான். துக்க வீட்டுப் பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர்களைக் கேளுங்கள். ‘பையன் விதிய மீறி வந்துட்டான்’ என்பார் ஒருவர், ‘அவன் விதி அவ்வளவுதான்’ என்பார் இன்னொருவர். முதலாமவர் செத்தவனைக் குற்றம் சொல்கிறார், இரண்டாமவர் கடவுளை. சாலையை வரைந்தவரையும் வேகத்தை நிர்ணயித்தவரையும் லோரியைச் சோதிக்காமல் விட்டவரையும் அந்தப் பந்தலில் யாரும் பேசுவதில்லை. ஸ்வீடன் கொள்கை கை வைப்பது அந்த இடத்தில்தான். சாலையை வடிவமைப்பவர்களும் பராமரிப்பவர்களும்தான் கடைசிப் பொறுப்பாளிகள் என்கிறது அது. ஓட்டுநர் விதியை மதிக்க வேண்டும், அதில் மாற்றமில்லை. ஆனால் மனிதன் தவறுவான். தவறினால் அவன் உயிர் போகாதபடி சாலையைத் திருத்தும் வேலை மறுபடியும் அதை வடிவமைப்பவர்களிடமே வருகிறது.

பேராக்கில் தெலுக் இந்தானிலிருந்து பீடோர் போகும் 58-ஆம் எண் கூட்டரசுச் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். (பழைய பெயரில் தெலுக்கான்சன் என்று சொன்னால்தான் சில பாட்டிகளுக்கு ஊர் புரியும்.) தோட்டத்து மண்பாதை செம்பனை மரங்களுக்கு நடுவிலிருந்து நேராகச் சாலையில் வந்து விழும். வேகம் தணிய இடமில்லை, ஓரத்தில் ஒதுங்க இடமில்லை. குலை ஏற்றிய லோரி திரும்பும்போது உதிரிப்பழம் நாலைந்து சாலையில் உருளும். அடுத்த வண்டி அதை நசுக்கும், ஆரஞ்சு நிறத்தில் எண்ணெய் தாரில் படியும், ஒரு தூறல் விழுந்தால் போதும். அந்த முனையில்தான் ஓர் அக்கா கப்சாயை, அதாவது சின்ன மோட்டார் சைக்கிளை, நிறுத்தி இரண்டு பக்கமும் பார்க்கிறார். முன்னால் புத்தகப்பை, பின்னால் தமிழ்ப்பள்ளிச் சீருடையில் இரண்டு பிள்ளைகள், ஒரு ஹெல்மெட் ஹேண்டிலில் தொங்குகிறது. ஒரே வண்டியில் மூன்று பேர் போவது தவறு, ஹெல்மெட்டைத் தலையில் மாட்டாதது தவறு. சமன் (அபராதச் சீட்டு) எழுதலாம். ஆனால் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருந்த காலத்தில் பள்ளி, கோயில், கடை மூன்றும் நடை தூரத்தில் இருந்தன. தோட்டம் கைமாறித் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) வந்த பிறகு உப்பு வாங்கவும் பெருஞ்சாலையைத் தொட வேண்டியிருக்கிறது. பஸ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. கப்சாய் அவருக்கு ஆடம்பரமா?

நாடு முழுக்கவும் கதை இதுதான். பெருந்தொற்று ஆண்டுகளை விட்டுவிட்டால் மலேசியச் சாலைகளில் ஆண்டுக்கு 6000-க்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு மோட்டார் சைக்கிளில் போனவர்கள்.

இனி வேகம். இந்தக் கொள்கையின் இதயமே அதுதான். மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். மணிக்கு 30 கிலோமீட்டரில் அடிபடுவதைவிட 50-இல் அடிபடுவது ஏறக்குறைய மூன்று மடங்கு பலமாக இருக்கும், 90-இல் ஒன்பது மடங்கு. 30-இல் அடிபட்ட பாதசாரிகளில் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். அதனால்தான் ஆளும் வண்டியும் கலக்கும் தெருவில் 30-க்கு மேல் கூடாது என்கிறது கொள்கை. இந்த 30 நமக்குப் புதிதல்ல, பள்ளி வட்டாரப் பலகைகளில் இருக்கும் எண்தான். ஆனால் 90-இல் வரும் காரைப் பலகை மட்டும் நிறுத்திவிடாது. சாலை அகலமாக, நேராக இருந்தால் கால் தானாக அழுத்தும். மேடாக்கிய கடவை, குறுகிய தடம், வட்டச் சந்தி இவையெல்லாம் ஓட்டுநரிடம் கேட்காமலே வேகத்தைக் குறைக்கும்.

செய்து காட்டிய நகரங்கள் உண்டு. ஆஸ்லோவில் 2019 முழுக்கச் சாலையில் இறந்தது ஒரே ஒருவர், அவரும் கார் ஓட்டியவர். ஹெல்சின்கியில் பாதிக்கும் மேற்பட்ட தெருக்களில் வேக வரம்பு 30. அங்கே 2025 ஜூலையோடு முடிந்த பன்னிரண்டு மாதங்களில் சாலைச் சாவு ஒன்றுகூட இல்லை. ஏழு லட்சத்துக்குச் சற்றுக் குறைவான மக்கள் வாழும் தலைநகரம் அது. எனக்கு அதைவிடப் பிடித்த உதாரணம் அமெரிக்காவின் ஹோபோக்கன். சுமார் 60 ஆயிரம் பேர் வாழும் சின்ன ஊர், 2017-க்குப் பிறகு தொடர்ந்து பல ஆண்டுகள் சாலைச் சாவே இல்லாமல் ஓட்டியது. அவர்கள் செய்த முக்கிய வேலைகளில் ஒன்று, தெருமுனையில் கார் நிறுத்த விடாமல் தடுத்தது. முனை திறந்திருந்தால் கடப்பவரும் ஓட்டுபவரும் ஒருவரையொருவர் பார்க்க முடிகிறது. நம் ஊர் ரொட்டிச்சானாய் கடை முனையில் இரண்டு வரிசையாக நிற்கும் கார்களை நினைத்துக்கொள்ளுங்கள். நியூயார்க் 2014-இல் மேயர் பில் டி பிளாசியோ காலத்தில் இதே பெயரில் தொடங்கியது. சில ஆண்டுகள் சாவு குறைந்தது, பெருந்தொற்றுக்குப் பிறகு மறுபடி ஏறியது. பெயர் வைத்தால் மட்டும் போதாது.

அதேபோல் எல்லாவற்றையும் அப்படியே இறக்குமதி செய்யவும் முடியாது. ஸ்வீடன் தன் குறுகிய நெடுஞ்சாலைகளின் நடுவே இரும்புக் கம்பித் தடுப்பு போட்டு நேருக்கு நேர் மோதலைத் தடுத்தது, சாவு பெருமளவு குறைந்தது. ஆனால் அந்தக் கம்பி மோட்டார் சைக்கிளில் விழுபவரை வெட்டிவிடும் என்று அங்கேயே எதிர்ப்பு எழுந்தது. கப்சாய் நாட்டில் அது இன்னும் பெரிய கேள்வி. இதற்கு நம்மிடமே பழைய விடை ஒன்று இருக்கிறது. கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970-களிலேயே மோட்டார் சைக்கிளுக்குத் தனித்தடம் போட்ட நாடு மலேசியா.

‘எதன் சுழியம்’ என்ற கேள்விக்கு வருவோம். 2025 மே 13 காலை, தெலுக் இந்தானில் சித்ரா பௌர்ணமித் திருவிழாப் பாதுகாப்புக்கு வந்துவிட்டுத் திரும்பிய கலகத் தடுப்புப் போலீஸாரின் லோரியும் சரளைக்கல் ஏற்றிய லோரியும் மோதி 9 போலீஸார் இறந்தார்கள். நம் சாமி ஊர்வலத்துக்குக் காவல் நின்றவர்கள். போக்குவரத்து அமைச்சின் சிறப்புப் பணிக்குழு பின்னர் ஸ்டீரிங் பழுதையும் அளவுக்கு மீறிய பாரத்தையும் காரணங்களாகச் சுட்டியது. அன்று தமிழ்ச் செய்திகளில் ஓடிய சொல் ‘9 பேர் பலி’. தலைப்புக்கு வசதியான இரண்டெழுத்து என்றுதான் நாம் அதை எழுதுகிறோம். ஆனால் முனியாண்டி கோயிலில் கிடா வெட்டிய யாருக்கும் பலியின் மூல அர்த்தம் தெரியும். பலி தானாக நடப்பதில்லை, யாரோ எதற்காகவோ கொடுப்பது. பாரம் கூடினால் நடைக்கூலி மிச்சம், சோதனையைத் தள்ளிப்போட்டால் செலவு மிச்சம். கொடுத்தவர் யார், எதற்காக என்று கேட்க அந்தச் சொல்லிலேயே இடம் இருக்கிறது.

ஆகவே ‘விஷன் ஜீரோ’வுக்கு என் பரிந்துரை ‘பலியில்லாச் சாலை’. பேச்சுக்கும் தலைப்புக்கும் அது. ‘எங்க ஊரைப் பலியில்லாச் சாலை ஊராக்கணும்’ என்று மன்றக் கூட்டத்தில் சொன்னால் விளக்கம் கேட்க மாட்டார்கள். அறிக்கைக்கும் பாடநூலுக்கும் ‘சாலைப்பலிச் சுழிய இலக்கு’ என்று எழுதலாம். முதல் தடவை எழுதும்போது கடுங்காயமும் இதில் அடக்கம் என்று ஒரு வரி சேர்ப்பது அவசியம். இரண்டு தமிழ்ப் பெயரிலும் அது தெரியவில்லை, ஸ்வீடன்காரர்களின் பெயரிலும்தான் தெரியவில்லை.

மொழிபெயர்ப்பவர்களுக்கு இன்னொன்று. பெருநாள் காலத்தில் போலீஸ் நடத்தும் ‘ஓப்ஸ் செலாமாட்’டை இந்தப் பெயரால் அழைக்காதீர்கள், அது பருவக்கால அமலாக்கம். 2022 முதல் 2030 வரையிலான மலேசியச் சாலைப் பாதுகாப்புத் திட்டத்தின் குறிக்கோளும் சாவைப் பாதியாகக் குறைப்பது. அதற்குத் தமிழில் ‘பாதியாக்கும் இலக்கு’ என்றே எழுதலாம்.