முறுக்கு பாக்கெட்டை ஏன் ஒளித்து வைத்தார்?

இரண்டு வருடங்களுக்கு முன் வேலை கேட்டு எங்கள் டிசைன் ஸ்டூடியோவுக்கு விருதுநகர் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். லேப்டாப்பைத் திறந்து, செய்த வேலைகளின் தொகுப்பான போர்ட்ஃபோலியோவைக் காட்டினார். கறுப்புப் பின்னணியில் காற்றில் மிதக்கும் விசிட்டிங் கார்டு, தங்க நிறத்தில் மின்னும் லோகோ, இல்லாத காபி கம்பெனிக்கு ஒரு கோப்பை, இல்லாத ஷூ கம்பெனிக்கு ஒரு போஸ்டர். எல்லாம் சுத்தமாகத்தான் இருந்தன. ஆனால் அதே கார்டை, அதே சாய்வில், அதே நிழலோடு அந்த மாதமே வேறு சிலரிடமும் பார்த்திருந்தேன். டிசைனை நிஜப் பொருள் மாதிரி காட்டும் தயார்ப் படத்துக்கு மாக்கப் என்று பெயர். இலவச மாக்கப் எல்லோருக்கும் இலவசம்தானே.

"இதுக்கு முன்னாடி எங்க இருந்தீங்க?"

"மூணு வருஷம் டிடிபி கடையில இருந்தேன் சார். அதெல்லாம் சும்மா கடை வேலை, இதுல வைக்கல."

போனில் ஏதாவது இருந்தால் காட்டுங்கள் என்றேன். தயங்கித் தயங்கி நீட்டினார். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா ஃப்ளெக்ஸ், நடுவில் ஒரு முறுக்கு பாக்கெட். உள்ளே இருப்பது தெரிகிற கவர். அதைப் பற்றிக் கேட்டதும் மனிதர் மளமளவென்று பேச ஆரம்பித்துவிட்டார்.

அந்த மாதிரி கவரை, உலோகச் சிலிண்டரில் டிசைனைப் பொறித்து அச்சிடும் கிராவ்யூர் முறையில் அடிப்பார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் தனியாக ஒரு சிலிண்டர் செய்ய வேண்டும். சிலிண்டர் ஏற ஏறச் செலவும் ஏறும். வெறும் ஃபிலிமில் நிறத்தை மட்டும் அடித்தால் உள்ளே இருக்கும் பண்டம் ஊடே தெரிந்து நிறம் மங்கிவிடும் என்பதால், பின்னால் வெள்ளை அடிப்பார்கள். அந்த வெள்ளையும் ஒரு நிறம்தான், அதற்கும் ஒரு சிலிண்டர். கடைக்காரர் முதலில் கேட்டது முறுக்கு போட்டோ போட்ட கவர். போட்டோ என்றால் சயான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு நான்கும் வேண்டும். கடைக்கென்று இருந்த மெரூன் ஒன்று, வெள்ளை ஒன்று, ஆக ஆறு. தம்பி போட்டோவைத் தூக்கிவிட்டார். நிஜ முறுக்கே தெரியும்போது படம் எதற்கு? மெரூன், பச்சை, கறுப்பு, வெள்ளை, நான்கோடு முடிந்தது. அந்தப் பச்சையும் சைவக் குறிக்கு எப்படியும் தேவைப்பட்டதால் வைத்ததாம்.

இதைத்தான் "கடை வேலை" என்று ஒளித்து வைத்திருந்தார்! இல்லாத காபி கம்பெனிக்கு முதல் பக்கம்.

போர்ட்ஃபோலியோ பார்ப்பவர் தேடுவது அழகை மட்டும் அல்ல. இந்த ஆள் எந்த இடத்தில் என்ன முடிவெடுத்தார், ஏன் எடுத்தார் என்பதையும்தான். படம் அதைத் தானாகச் சொல்லாது. ஒவ்வொரு வேலைக்கும் கீழே நான்கைந்து வரி எழுதுங்கள்: வந்தவர் என்ன கேட்டார், எது கையைக் கட்டியது, எதை விட்டுவிட்டீர்கள், கடைசியில் என்ன அச்சானது. நிராகரிக்கப்பட்ட ஸ்கெட்ச் ஒன்று கிடந்தால் அதையும் பக்கத்தில் வையுங்கள். நாலு பேர் சேர்ந்து செய்த வேலை என்றால் உங்கள் பங்கு எது என்று சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டு, நேர்காணலில் மாட்டிக்கொண்டு முழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முடிந்தால் மாக்கப்பை விட்டுவிட்டு, அச்சான பொருளை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து நீங்களே படம் எடுங்கள். ஆறேழு வேலை போதும். நாற்பது வேலை வைத்தால், பார்ப்பவர் கண்ணில் படுவது அதில் மோசமான மூன்றாகத்தான் இருக்கும்.

இப்போதுதான் படிப்பை முடித்தேன், நிஜ வேலைக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். சரி, கற்பனை வேலையே செய்யுங்கள், தப்பில்லை. ஆனால் நிஜ வேலையின் பாரத்தை அதில் ஏற்றுங்கள். மசாலா பாக்கெட் என்றால் முன்பக்கத்தை மட்டும் அலங்கரித்து நிறுத்தாமல் பின்பக்கமும் செய்யுங்கள். சேர்மானப் பட்டியல், நிகர எடை, எம்ஆர்பி, உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் 14 இலக்க உரிம எண், சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி, பார்கோடு எல்லாவற்றுக்கும் இடம் ஒதுக்கிப் பாருங்கள். அப்போதுதான் டிசைன் எங்கே நெரிகிறது என்று தெரியும். பின்பக்கம் செய்து கொண்டுவரும் ஃப்ரெஷரை நான் விட மாட்டேன். அப்புறம், "பயிற்சிக்காகச் செய்தது" என்று அதிலேயே எழுதிவிடுங்கள். பெரிய வங்கியின் லோகோவை நீங்களாக மாற்றி வரைந்துவிட்டு, அந்த வங்கிக்கே வேலை செய்த மாதிரி பக்கத்தை அமைப்பது பொய்க்கணக்கு.

நம் ஊர் வேலைக்குத் தமிழ் எழுத்து தனிப் பாடம். பழைய ஃபோட்டோஷாப் பதிப்புகளில், எழுத்தை அடுக்கும் டெக்ஸ்ட் என்ஜின் அமைப்பை மாற்றாமல் யூனிகோட் தமிழை ஒட்டினால், முன்னால் வர வேண்டிய கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்படி உடைந்த எழுத்தோடு வரும் போர்ட்ஃபோலியோக்கள் ஒன்றிரண்டல்ல. மறுபுறம், ஆங்கிலத்தில் ஒரு வரியில் அடங்கிய தலைப்பு தமிழில் இரண்டு வரியாக நீண்டபோது அதை எப்படிச் சமாளித்தீர்கள் என்று ஒரு பக்கம் காட்டினால், இங்கே கடை வைத்திருப்பவருக்கு அதுவே போதும்.

வேலை கொடுக்கும் கம்பெனிக்கும் நேரடியாக வரும் கிளையண்டுக்கும் ஒரே ஃபைலை அனுப்பாதீர்கள். கம்பெனிக்காரர் நீங்கள் யோசிக்கும் விதத்தையும், டிசைன் ஃபைலில் அடுக்கடுக்காக இருக்கும் லேயர்களுக்குப் பெயர் வைக்கும் பழக்கம் உண்டா என்பதையும் பார்ப்பார். திருப்பூர் பனியன்காரருக்கு லேயர் எதற்கு? தன்னைப் போன்ற ஒருவருக்கு நீங்கள் செய்தது, அது எத்தனை நாளில் கைக்கு வந்தது, இரண்டும்தான் அவர் கேள்வி. வேலைகள் அதேதான், வரிசையும் வரிகளும் மாறும்.

எதைக் காட்டலாம் என்பதில் நானே சூடுபட்டவன். தீபாவளிக்கு வெளிவர இருந்த ஓர் இனிப்புப் பெட்டியை, நன்றாக வந்த சந்தோஷத்தில், ஆகஸ்ட்டிலேயே, டிசைனர்கள் தங்கள் வேலையைக் காட்டும் பிஹான்ஸ் தளத்தில் போட்டுவிட்டேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு இனிப்புக் கடை முதலாளியிடமிருந்து போன். படத்தை உடனே எடுத்துவிட்டேன், ஆனால் அந்த வேலை அதோடு போனது. தப்பு என்னுடையதுதான். சம்பளத்துக்கு இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1957-ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் சம்பளத்துக்கு இருக்கும்போது வேலையின் பகுதியாகச் செய்த படைப்புக்கு முதலாளியையே முதல் உரிமையாளர் என்கிறது. இதை உருவாக்கியவன் நான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை 57-ஆம் பிரிவு தனியாகக் காப்பாற்றுகிறது. அதற்காக வெளிவராத பெட்டியை ஊருக்குக் காட்டிவிட முடியாது. இப்போதெல்லாம் கொட்டேஷனிலேயே ஒரு வரி சேர்க்கிறேன்: "பொருள் சந்தைக்கு வந்த பிறகு இதை எங்கள் வேலைத் தொகுப்பில் காட்டிக்கொள்வோம்." இதுவரை யாரும் மறுக்கவில்லை. பழைய கம்பெனியில் செய்ததைக் காட்ட வேண்டுமென்றால் ஒரு மெயில் போட்டு அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். பெரும்பாலும் நான் போர்ட்ஃபோலியோவைத் திறப்பது போனில், டீ குடிக்கிற நேரத்தில். 90 எம்பி பிடிஎஃப் திறப்பதற்குள் டீ ஆறிவிடும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். டிரைவ் லிங்க் என்றால், வேறொருவர் போனில் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள். போன வாரம் ஒரு லிங்க் வந்தது. தட்டினால் அனுமதி கேட்டது. நானும் அனுமதி கேட்டு வைத்திருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.