லட்சம் கிலோமீட்டர் தாண்டுன வண்டிக்கு எந்த ஆயில்?

வண்டி லட்சம் கிலோமீட்டர் தாண்டிருச்சுன்னாலே ஆளாளுக்கு ஒரே வைத்தியம்தான் சொல்றாங்க, கெட்டி ஆயில ஊத்துங்க எல்லாம் சரியாயிடும்னு. எங்க ஷெட்டுக்கு வர்ற பழைய ஸ்விஃப்ட், சான்ட்ரோ நெறைய இப்படி 20டபிள்யூ-50 ஊத்திட்டுத்தான் வருது. சத்தம் அடங்குது, புகை கொறையுது, ஓனருக்கும் சந்தோஷம். ஆனா உள்ள தேஞ்சது தேஞ்சதுதான், இது வியாதிய மறைக்குதே தவிர தீர்க்கல.

கேன்ல டபிள்யூக்கு முன்னாடி இருக்க நம்பர் குளிர்ல ஆயில் எப்படி ஓடும்னு சொல்றது, பின்னாடி இருக்கறது 100 டிகிரி சூட்டுல எவ்ளோ கெட்டியா நிக்கும்னு. நம்மூர்ல ஏதுங்க குளிரு, முன் நம்பர் எதுக்குன்னு கேப்பாங்க. சென்னைல காலைல 25 டிகிரி இருந்தாக்கூட, என்ஜின் சூடா ஓடும்போது இருக்கறத விட ஆயில் பத்து மடங்குக்கு மேல கெட்டியா இருக்கும், பழைய என்ஜின் அதிகமா தேயறதும் அந்த ஸ்டார்ட்டிங் நேரத்துலதான். ஸ்விஃப்ட் டீசல்ல வந்த 1.3 லிட்டர் மல்ட்டிஜெட்ட எடுத்துக்கங்க, டைமிங் செயின இறுக்கிப் புடிக்கற டென்ஷனரும் சரி, வால்வ் லிஃப்டரும் சரி, ஆயில் பிரஷர நம்பித்தான் இருக்கு. கெட்டி ஆயில் அங்க போய்ச் சேர லேட்டாகும், அதுவரைக்கும் செயின் லூசா ஆடும், காலைல முதல் ஸ்டார்ட்ல கடகடன்னு கேக்குற சத்தத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

அதனால ஆயில மாத்தறதுக்கு முன்னாடி, வண்டி எப்ப நீலப் புகை, அதாவது ஆயில் எரியற புகை, தள்ளுதுன்னு பாருங்க. ராத்திரி பூரா நின்ன வண்டி காலைல ஸ்டார்ட் பண்ணதும் ஒரு தடவ குப்புனு விட்டுட்டு நின்னுருச்சா, பெரும்பாலும் வால்வ் சீல், அதாவது வால்வ் வழியா ஆயில் உள்ள எறங்காம தடுக்கற ரப்பர். ஏற்காடு மாதிரி மலைல ஆக்ஸிலேட்டர்ல இருந்து கால எடுத்துட்டு கியர்லயே எறங்கி, திரும்ப மிதிக்கும்போது விட்டாலும் அதேதான். பல பெட்ரோல் என்ஜின்ல ஹெட்ட கழட்டாமலே, பிளக் ஓட்டை வழியா காத்து ஏத்தி வால்வ மேலயே நிக்க வச்சு சீல மாத்திரலாம், கைப்பழக்கம் இருக்கறவங்க செய்யற வேலை. மிதிக்க மிதிக்க விடாம புகைஞ்சா பிஸ்டன் ரிங் மேல சந்தேகம். அதுக்கு கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள்ள ஏறற அழுத்தம், செக் பண்ணிட்டு, பிளக் ஓட்டைல கொஞ்சூண்டு ஆயில் விட்டு திரும்ப செக் பண்ணுவோம், ரீடிங் நல்லா ஏறுச்சுன்னா ரிங்கோ, போர்னு சொல்ற சிலிண்டர் சுவரோ தேஞ்சிருக்கு, எந்த ஆயில் ஊத்தியும் அது வளராது. ஆயிரம் கிலோமீட்டருக்கு கால் லிட்டர் கொறையுதுன்னா நான் என்ஜினத் திறக்கவே சொல்ல மாட்டேன், டிப்ஸ்டிக் பாத்து டாப் அப் பண்ணிட்டு ஓட்டுங்க.

கிரேடு ஏத்தியே ஆகணும்னா பின் நம்பர மட்டும் ஒரு படி ஏத்துங்க, 5டபிள்யூ-30 ஓடிட்டிருந்தா 5டபிள்யூ-40, அதுவும் மேனுவல் சார்ட்டுல இருந்தா மட்டும். பெட்ரோல் வண்டிக்கு கேன்ல ஏபிஐங்கற தரக்குறி எஸ்என், எஸ்பின்னு போட்டது பழைய எஸ்எல், எஸ்எம் கேட்ட என்ஜினுக்கும் ஒத்து வரும். டிபிஎஃப், அதாவது புகைக்கரியப் புடிக்கற ஃபில்டர், இருக்க டீசல்னா சாம்பல் கம்மியா விடற ஆயில்தான், அதுல விளையாடாதீங்க. அம்பாசிடர், பத்மினி வச்சிருக்கறவங்களுக்குத்தான் 20டபிள்யூ-50 நெஜமாவே பொருந்தும்.

சிந்தெடிக் ஊத்துனா பழைய வண்டி லீக் ஆகும்னு ஒரு பேச்சு இருக்கு. சீல் ஏற்கனவே காஞ்சு போய், கசடு அடைச்சு நிக்கற எடத்துல புது ஆயில் அதக் கழுவி விட்டா ஒழுகத்தான் செய்யும், லீக் பழசு, இப்பதான் கண்ணுக்குத் தெரியுது. கசடு அதிகமா இருந்தா என்ஜின் உள்ள கழுவற ஃபிளஷ் ஊத்தாதீங்க, பேந்து வர்றது அடியில ஆயில் தேங்கற சம்ப்புல இருக்க ஸ்ட்ரெய்னர் சல்லடைய அடைச்சா பிரஷரே போயிடும். அதுக்குப் பதிலா ரெண்டு தடவ 2000, 3000 கிலோமீட்டர்லயே ஆயிலும் ஃபில்டரும் மாத்துங்க.

செகண்ட் ஹேண்ட் வண்டி பாக்கப் போறவங்க, விக்கறவர் முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணி வச்சிருந்தா அந்த முதல் புகையும் சத்தமும் தெரியாது, இன்னொரு நாள் காலைல வர்றேன்னு சொல்லிட்டு வந்துருங்க. பானட்ட தொட்டுப் பாத்து ஜில்லுனு இருக்கும்போது நீங்களே சாவியத் திருப்புங்க, பின்னாடி ஒரு ஆள நிக்க வச்சு சைலன்சரப் பாக்கச் சொல்லுங்க.